ஆள் இரண்டு, நாள் நான்கு

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் மழை என்றால் லீவு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, ரிக் வண்டிக்கு. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் கூட்டாக ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள். வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. ஆனியில் அங்கே மழை பிடித்துவிட்டால் கரிசல் காட்டுக்குள் வண்டி இறங்காது, சேற்றில் புதைந்துவிடும். வண்டியை ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டிவிட்டு ரயில் ஏறி, சேலம் ஜங்ஷனில் அழுக்கு மூட்டையோடு வந்து இறங்குவார்கள். ஆக, எனக்குப் புருஷன் என்பவர் மானாவாரிப் பயிர். மழை பெய்தால் உண்டு.

நான் பிறந்தது பள்ளிபாளையத்தில், காவிரிக் கரையில். தண்ணீரைப் பார்க்காதவள் இல்லை. ஆனால் எங்கள் படித்துறையில் நின்றால் எதிரே ஈரோடு தெரியும். எதிரே எந்த ஊரும் தெரியாத தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஆசையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவரோடு போக வேண்டும். நான்கு நாள், வேறு யாரும் இல்லாமல், அவர் என்னைப் பார்த்துப் பேச வேண்டும். கேட்டால் பெரிய ஆசையாகத் தெரியாது. பதினெட்டு வருடம் ஆயிற்று.

எங்கள் தொழிலில் எதையும் எஸ்டிமேட் போட்டுத்தான் பேசுவார்கள். தோட்டத்துக்காரர் வந்து கேட்டால் அடிக்கு இவ்வளவு, பைப்புக்கு இவ்வளவு என்று மூன்று விதமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். கம்மி, நடுத்தரம், ஒசத்தி. பேசத் தெரிந்தவர்கள் ஒசத்தியைக் காட்டிப் பயமுறுத்தி நடுத்தரத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் வடக்கே இருக்கும்போது உள்ளூரில் விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டுகளை எழுதிக் கொடுப்பது நான்தான். அந்தப் பழக்கத்தில் கடலுக்கும் ஒரு தாள் எழுதினேன். மேலே ‘ஆள் இரண்டு, நாள் நான்கு’ என்று தலைப்புப் போட்டு, கீழே மூன்று பத்தி. முதல் பத்தியில் பஸ், லாட்ஜ், மெஸ் சாப்பாடு. இரண்டாவதில் ரயிலில் படுக்கை, கேரளாவில் ஒரு வீட்டு மாடி அறை, காலைச் சாப்பாட்டோடு. மூன்றாவதில் கடலைப் பார்த்த ரிசார்ட், ஜன்னல் திறந்தால் அலை. எனக்கு இரண்டாவது போதும். மூன்றாவதைக் காட்டி இரண்டாவதை விற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

தொழில்காரனிடமே தொழிலைக் காட்டினால் நடக்குமா? தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“எதுக்கு புள்ள இத்தன செலவு? அண்ணன் ஊடு, பங்காளி ஊடுன்னு எல்லாருஞ் சேந்து ஒரு வேன் எடுத்தா ஆளுக்குக் கொஞ்சந்தான் வரும்.”

“நாம ரெண்டு பேரு போலாமுன்னுதானுங்க எழுதுனேன்.”

“போனா எல்லாந்தான போறோம். நீயும் நானும் அதுக்குள்ளயே இருக்கறமல்ல.”

அந்த வருடம் ஒரு சனி ஞாயிறில் கன்னியாகுமரிக்கு வேன் போனது. இருபத்திரண்டு பேர். வேனின் பின்சீட்டுக்கு அடியில் கேஸ் சிலிண்டர், அடுப்பு, அரிசிச் சிப்பம், அண்டா. ஓட்டலில் சாப்பிட்டால் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்று அவருடைய அண்ணன் முன்பே சொல்லிவிட்டார். கடற்கரைக்குப் போனதும் ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீருக்கு ஓடினார்கள். காற்றில் அடுப்பு அணைந்துகொண்டே இருந்ததால் நானும் அவருடைய அண்ணியும் வேனின் மறைவில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தக்காளிச் சாதம் கிளறினோம். பாத்திரம் கழுவி முடித்து நிமிர்ந்தபோது, இருட்டுவதற்குள் கிளம்பினால்தான் நல்லது என்று டிரைவர் ஹாரன் அடித்தார். திரும்பி வந்ததும் ஆளுக்கு எவ்வளவு கம்மியாக விழுந்தது என்று எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். சமைத்த கூலி அந்தக் கணக்கில் இல்லை.

அதற்குப் பிறகு சில வருடம் நான் கடல் பேச்சையே எடுக்கவில்லை. பையன் வளர்ந்தான், ராசிபுரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவனுக்கு லீவு விடுகிற சித்திரை, வைகாசியில் ரிக் வண்டிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இவருக்கு லீவு வரும்போது அவனுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மூன்று பேரும் ஒன்றாக வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மறுபடி தாள் எழுதியபோது அவர் நடுத்தரத்துக்கு ஒப்புக்கொண்டார். வர்க்கலைக்கு ரயிலில் படுக்கை எடுத்தாயிற்று, மாடி அறைக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை ரயில். புதன்கிழமை அவருடைய அண்ணன் போன் பண்ணினார்.

“மழ உட்டுருச்சாம் புள்ள. வண்டி எறக்கோணும்” என்றார் இவர், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே. பெட்டியில் அவர் துணியை மடித்து வைத்திருந்தது நான்தான். கடலுக்கு என்று வைத்த அரைக்கால் சட்டையை மட்டும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ரயில் டிக்கெட்டில் பாதிதான் திரும்பி வந்தது. அட்வான்ஸ் வரவே இல்லை. அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். தொழில் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

போன வருடம் அவராகவே பேச்சை எடுத்தார். மழைக்காலத்தில் கேரளா ரிசார்ட்டெல்லாம் பாதி ரேட் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் தாளின் மூன்றாவது பத்தி இரண்டாவது பத்தியின் விலைக்குக் கிடைக்கிறது என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் தலைகால் புரியவில்லை. போனில் புக் பண்ணும்போது ரிசார்ட்டில் பேசிய பெண் தமிழும் மலையாளமுமாக, நல்ல மழை உண்டு, பரவாயில்லையா என்று இரண்டு தடவை கேட்டாள்.

“மழ பேஞ்சாத்தானுங்க எங்களுக்கு லீவே” என்றார் இவர். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். உலகத்தில் எல்லாரும் மழை ஓய்ந்த பிறகுதான் கடலுக்குப் போகிறார்கள். மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்காகச் சந்தோஷமும் படுகிற முட்டாள்தனத்தை ரிக் வண்டிக் குடும்பம் மட்டும்தான் செய்யும்.

ஸ்டேஷனில் இறங்கி ரிசார்ட்டுக்குப் போக டாக்சிக்காரர் கேட்டது எங்கள் ரயில் டிக்கெட்டை விட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அறை நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஜன்னல் திறந்தால் அலைதான். ஆனால் கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். மணலில் இறங்கி நாலு எட்டு வைத்தேன், காவலுக்கு நிற்கிறவர் விசில் ஊதினார். இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் ஓடியே வந்துவிட்டார். கைக்கு எட்டியது காலுக்கு எட்டவில்லை.

முதல் இரண்டு நாளும் மழை கொட்டியது. நான் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக் கடலைப் பார்த்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து போனில் மத்தியப் பிரதேசத்து மேகத்தைப் பார்த்தார். நான் எதையாவது சொல்வேன், ஹும் என்பார். என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. இங்கே மழை நிற்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அங்கே நிற்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். சாமி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தது. மூன்றாம் நாள் காலையில் இங்கேயும் வெயில், அங்கேயும் வெயில்.

ரோட்டோரமாகவே நாலு இடத்தில் வேலை இருக்கிறது, காடு காயும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அவருடைய அண்ணன் போனில் சொன்னார். இவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

“நாளைக்கு ஒரு நா இருந்துட்டுப் போங்க” என்றேன். “இந்த ஒரு நாளைக்குத்தானுங்க நான் இத்தன வருசமா எழுதுனேன்.”

“ஒரு நா வண்டி நின்னா எவ்வளவுன்னு உனக்குத் தெரியாதா? கோவிச்சுக்காத சாமி. ரூமுக்குக் குடுத்தது திரும்பி வராதாம், கேட்டுட்டேன். நீ இருந்து முழுசா அனுபவிச்சுட்டு வா.”

“தனியாவுங்களா?”

“தனியென்ன, எல்லாந்தான் இருக்குதே” என்று அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார்.

திருவனந்தபுரம் போய் விமானம் பிடித்தார். அந்த டிக்கெட்டுக்கு யாரும் மூன்று விதமாக எஸ்டிமேட் போடவில்லை.

மத்தியானம் சிவப்புக் கொடியை எடுத்துவிட்டு மஞ்சளை நட்டார்கள். நான் இறங்கிப் போய் முழங்கால் ஆழத்தில் நின்றேன். அலை வந்து சேலையை இழுத்தது, காலுக்கு அடியில் மணல் ஓடியது. எதிரே எந்த ஊரும் இல்லை. அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், ஆனாலும் அந்தத் தண்ணீர் எனக்குப் பிடித்திருந்தது. அவர் இல்லாமலேயே பிடித்திருந்தது. மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது பரிமாறுகிறவர் என் எதிரே இருந்த தட்டைக் காட்டி, வேண்டுமா என்று சைகையில் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையசைக்கவும் எடுத்துக்கொண்டு போனார்.

இந்த ஆனியிலும் அவர் வந்தார். குளித்து, சாப்பிட்டு, இரண்டு நாள் தூங்கி எழுந்தார். நான் ஒரு தாளை எழுதி அவர் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை மூன்று பத்தி இல்லை, ஒன்றுதான். ரயிலில் படுக்கை, வர்க்கலையில் அன்றைக்கு அட்வான்ஸ் கட்டிய அதே மாடி அறை. மாதம் தை. தையில் கடல் அமைதியாக இருக்கும், அவர் வடக்கே இருப்பார். தலைப்பில் ‘ஆள் ஒன்று, நாள் நான்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார், ஒரு வார்த்தை கேட்பார் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்காரருக்குக் கொடுக்கிற சீட்டைப் பார்ப்பது போல மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பேனாவை வாங்கி, ஆட்டோவுக்கு எழுதியிருந்ததில் நூறு ரூபாயைக் குறைத்தார்.

“பரவால்ல புள்ள, இது கம்மியாத்தான் வருது” என்றார். “போயிட்டு வா.”