ட்ரெய்லர் பிடிக்கவில்லை என்றார் டிரைவர்

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். டிரைவர் ஆரோக்கியசாமி போன வேகத்தில் திரும்பி வந்து, யார்டு கேட்டிலேயே லாரியை நிறுத்தினார். சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் பம்ப், பின்னால் ட்ரெய்லரில் அப்படியே இருந்தது.

"சார், ட்ரெய்லர் பிரேக் புடிக்கலைங்க. எறக்கத்துல லாரியத் தள்ளிக்கினு வருது."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? லீவு கேட்கத் தைரியமில்லை, கதை விடுகிறார்!

நெய்வேலி சுரங்கத்தில் ஓய்வு பெற்ற பிறகு, அங்கேயே ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன். அந்த ட்ரெய்லருக்கு மின்சார பிரேக். டிரைவர் மிதித்தால் லாரியிலிருந்து வயர் வழியாகக் கரண்ட் போய், சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் பிடிக்க வேண்டும்.

மீட்டரை எடுத்தேன். ஒரு முனை ட்ரெய்லரின் பிரேக் வயரில், மறுமுனை லாரி பாடியில். முழு வோல்ட்! பின் விளக்குகளும் எரிந்தன. அப்புறம் என்ன கோளாறு?

"இந்த வயர்ல கை வச்சியாய்யா?" என்றேன். ஷிஃப்ட் மாறும் நேரம்... கேட்டில் ஐம்பது பேர்.

"நான் ஏன் சார் கை வைக்கிறேன்? அந்த வண்டியில உக்காந்து போறவன் நானு. எனக்கு நானே வேட்டு வச்சிக்குவனா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சந்தேகத்துக்குக் காது உண்டா? நல்ல காப்பர் வயரை விற்றுவிட்டு மட்டமானதை மாட்டியிருப்பார் என்று என் மனம் வளர்த்துக்கொண்டே போனது. 'வயரிங்கில் கை வைத்ததாகச் சந்தேகம்' என்று எழுதிக் கொடுத்தேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த ஒரு வரி போதும். அன்றே அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

மறுநாள் வேறு டிரைவர். அதே இறக்கம்... அதே தள்ளல்!

இந்த முறை ட்ரெய்லருக்கு அடியில் நானே படுத்தேன். பிரேக்குக்குப் போன கரண்ட் லாரிக்குத் திரும்பும் எர்த் வயரை, ட்ரெய்லரின் இரும்புச் சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. கழற்றினேன். அடியில் புத்தம்புதுப் பச்சை பெயின்ட்.

பூஜைக்காக யார்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயின்ட் அடிக்கச் சொன்னது நான். அதைச் சுரண்டாமல் மேலேயே வயரை முறுக்கியதும் நான். பெயின்ட்டைத் தாண்டிக் கரண்ட் எப்படித் திரும்பும்? விளக்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். லாரியோடு மாட்டும் இழுவைக் கொக்கி வழியாகவே திரும்பிவிடும். பிரேக்குக்கு அது போதாது. மீட்டரின் மறுமுனையை லாரி பாடிக்குப் பதில் ட்ரெய்லர் சேஸிஸில் வைத்திருந்தால், முதல் நாளே தெரிந்திருக்கும்.

சுரண்டி முறுக்கினேன். பிரேக் பிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை — இரண்டு நாள்! அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் மேல்பட்டாம்பாக்கத்துக்கு, ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் மனைவி கேட்டார்:

"திருட்டுப் பட்டத்த கேட்ல குடுத்துட்டு, மன்னிப்ப மட்டும் வூட்டுல வந்து குடுக்கிறீங்களா சார்?"

மறுநாள் ஷிஃப்ட் மாறும்போது, அதே கேட்டில், அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். பாஸ் திரும்பக் கிடைத்தது.

இப்போதெல்லாம் நான் சோதித்து முடித்த வயரை, ஆரோக்கியசாமி இன்னொரு முறை சோதித்த பிறகுதான் வண்டியை எடுக்கிறார்.

சந்தேகம் இப்போதுதான் சரியான ஆள் மேல் விழுந்திருக்கிறது!