பல் பல்லாய்த் தெரிந்த எழுத்து

என் வீட்டுக்காரருக்கு அக்கம்பக்கத்தில் ‘டாக்டர்’ என்று பெயர். வைத்தியமெல்லாம் பழைய கம்ப்யூட்டர்களுக்குத்தான். எந்தக் கிழட்டு மெஷினில் கை வைத்தாலும் முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய் அலங்காரம் அத்தனையையும் அணைத்துவிடுவார். நிழல், மினுக்கல் ஒன்றும் மிஞ்சாது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் இவருக்குத் தலைகால் புரியாது. வேகம் மட்டும்தான் இவர் கண்ணில் படும். திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்த மனிதரா என்ன!

இவருடைய அக்கா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். திரையிலேயே படித்துத் திருத்த வேண்டும். அங்கிருந்த தமிழ் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்பதால் முதலாளி மெஷினை மாற்றவே இல்லை. அது ஊர்கிறது என்று அக்கா சொல்ல, இவர் போய் வழக்கமான வைத்தியத்தைச் செய்துவிட்டு வந்தார்.

அதன் பிறகுதான் நாத்தனார் தடுமாற ஆரம்பித்தார். எழுத்தின் ஓரமெல்லாம் பல் பல்லாகத் தெரிகிறது, புள்ளியைத் தேட வேண்டியிருக்கிறது என்று புலம்பினார். ஒரு பாடப்புத்தகம் தப்போடு அச்சாகி, எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மெஷினை இன்னொரு முறை பார்க்கச் சொன்னதற்கு இவர் சிரித்தார்.

“மெஷினெல்லாம் பறக்குதுக்கா. உனக்குத்தான் வயசாயிடுச்சு. போய்க் கண்ணைக் காட்டு.”

கண்ணாடி மாற்றியும் பயனில்லை. கடைசியில் நாத்தனார் தானே போய்க் கேட்டு, புத்தகம் தைக்கிற பிரிவுக்கு மாறிக்கொண்டார். ஒரு தப்பையும் தப்பவிட மாட்டார் என்று பேர் எடுத்தவர், பசை டப்பாவுக்கு முன்னால் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் நாற்காலிக்கு வந்த சின்னப் பெண்ணும் எழுத்து நொறுங்கித் தெரிகிறது என்றாள். அவளுக்கு வயதாகிவிட்டது என்று சொல்ல முடியாதே! இவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், எழுத்தின் ஓரத்தை வழவழப்பாகக் காட்டுகிற செட்டிங்கின் டிக்கும் அலங்காரங்களோடு அலங்காரமாகப் போயிருந்தது. எடுத்தது சாட்சாத் இவரேதான். திரும்பப் போட்டார். எழுத்தெல்லாம் பளிச்சென்று ஆனது.

“அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னாங்களே சார்?” என்று அந்தப் பெண் கேட்டாளாம். இவருக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசிவிட்டது. முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னார். அங்கிருந்து அக்காவிடம் போய், தான்தான் கெடுத்ததாகவும், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றும் சொன்னார்.

நாத்தனார் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “மத்தவங்க சொன்னப்பல்லாம் நான் நம்பலடா. நீ சொன்னதும்தான் நம்பிட்டேன்” என்றார். அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை என்று இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். அடித்திருக்க வேண்டும் என்றேன் நான்.

முதலாளி பழைய நாற்காலியையே கொடுத்துவிட்டார். போன வாரம் நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தோம். நாத்தனார் ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்து முடித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார்.

“நீயும் ஒரு தடவை பாத்துடும்மா. எனக்கு நிச்சயமாத் தெரியல.”

என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்விட்டார்.