பாலத்தில் வண்டி ஏன் நிற்கிறது?

எங்கள் வேனில் நான்தான் வாயாடி. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, திருச்சி ஆஸ்பத்திரியில் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடும் அரசாங்க வேன் அது. ஸ்ரீரங்கத்தில் நான் ஏறும்போது திருவெள்ளறை விவசாயி ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வயதில் மூத்தவர், நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன்.

எங்களுக்கெல்லாம் கையில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அங்கே விரல் வைத்தால் மாவு மிஷின் ஓடுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது ஓடினால்தான் அந்தக் கையை டயாலிசிஸுக்குக் கொடுக்க முடியும். கடிகாரம் கட்டாதே, வளையல் போடாதே, எதையும் இறுக்காதே என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். காலையில் கண் விழித்ததும் நாங்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

முன்பு இருந்த டிரைவர், திரும்பும்போது வழியை விட்டு விலகி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை ஏற்றுவார். நாங்கள் உள்ளே வெயிலில் வாடிக் கிடப்போம். வேன் சரியாக ஓடுகிறதா என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஒருநாள் அதைப் போட்டு உடைத்தேன். அடுத்த மாதமே வேனில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். வேன் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று ஏதோ ஓர் ஆபீஸில் இருந்தபடியே பார்ப்பார்களாம். ஸ்டாப்பில்கூட ஆள் இறங்கியதும் கிளம்பிவிட வேண்டும். டிரைவரும் மாறினார். நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம், எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் திரும்பும்போது, வேன் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அண்ணன் முனகினார். பார்த்தால், டயாலிசிஸ் ஊசியை எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சு நனைந்து, வேட்டியெல்லாம் ரத்தம். பஞ்சின் மேல் விரலை அழுத்திக்கொண்டு கத்தினேன்.

"தம்பி, வண்டிய நிறுத்துங்க! மருந்துப் பெட்டிய எடுத்துட்டு வாங்க!"

"பாலத்துல நிறுத்துனா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்கக்கா."

"ஆளே போயிருவாரு போலிருக்கு, நிறுத்துங்க!"

நிறுத்திவிட்டு, பெட்டியோடு ஓடி வந்தார். இருவரும் புதுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதே டிரைவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"பாலத்துல வண்டி ஏன் நிக்குது?"

"ஒருத்தருக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது சார்," என்றேன் நான்.

"அத ஆஸ்பத்திரில சொல்லுங்கம்மா. நான் வண்டிய மட்டுந்தான் பாக்குறேன். எப்பக் கிளம்பும்?"

மனிதன் பேசுகிற பேச்சா இது! பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்தேன். நல்லவேளையாக, கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது.

அடுத்த முறை நான் வேனில் ஏறியபோது டிரைவர் முகம் செத்திருந்தது. "விளக்கம் கேட்டிருக்காங்கக்கா. இன்னொரு தடவ நடுவுல நின்னா வேலை இல்லைன்னுட்டாங்க." அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு, வெளியே பார்த்தபடி இருந்தார்.

அன்று திரும்பும் வழியில் வேன் எங்கும் நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் இறங்க எழுந்தபோதுதான் கவனித்தேன், அண்ணனின் கை துண்டுக்குள் மறைந்திருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. துண்டை விலக்கினேன். பஞ்சுக்கு மேல் ஒரு துணியைச் சுற்றி, மூட்டை கட்டுவதுபோல இறுக்கிக் கட்டியிருந்தார்.

"என்னண்ணே இது? யாரு கட்டுனது?"

"நாந்தாம்மா, பல்லால இழுத்துக் கட்டுனேன். ரத்தம் வந்தா வண்டிய நிறுத்தணும். அந்தப் புள்ளைக்கு வேலை போயிடும்ல."

"கட்டக் கூடாதுன்னு தலையில அடிச்சுச் சொன்னாங்களேண்ணே!"

"வீடு வரைக்குந்தானேன்னு..." என்றார்.

முடிச்சை அவிழ்த்தேன். குழாய் இணைத்த இடத்தில் விரலை வைத்தேன். வேனின் உறுமலில் எதுவும் பிடிபடவில்லை.

"தம்பி, இஞ்சின ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் செய்தார். மறுபடி விரல் வைத்தேன். இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எதுவும் ஓடவில்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவரின் போன் அடிக்கத் தொடங்கியது.