வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்

செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்த மறுவருடம் நான் தென்காசியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சாரல் சமயத்தில் வடக்கேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாதவர். சாயங்காலம் அவரைக் குற்றாலம் பெரிய அருவிக்கு அழைத்துப் போனேன். குளித்து முடித்தார். அவர் தங்கிய பங்களா பக்கத்தில்தான் என்பதால், "ஐ ஆம் கமிங், சார்" என்று கும்பிட்டு விடைபெற்று, பஸ் ஏறி ஊர் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பங்களாக் காவல்காரர் என்னை வாசலிலேயே மறித்தார்.

"எங்கவே போனீரு? அதிகாரியக் காணுமேன்னு தேடிப் போனா, உம்ம பேரச் சொல்லிக்கிட்டுப் பாறையில உக்காந்திருக்காரு. மலையில மழை, தண்ணி கூடுது. எல்லாரும் கத்துதோம், அவருக்கு வெளங்கல. கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். மறுநிமிஷம் அந்தப் பாறையக் காணோம்."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். உள்ளே அதிகாரி நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"கமிங் என்றால் வருவது. நீர் வரவில்லையே" என்றார் ஆங்கிலத்தில்.

'போகிறேன்' என்று சொல்லிப் புறப்படுவது எங்களுக்கு அபசகுனம், திரும்பி வராதவன் சொல்லும் சொல் அது என்று நானும் விடாமல் வாதாடினேன்.

"நேற்றுத் திரும்பி வராமல் போக இருந்தவன் நான்" என்றார்.



இப்போதெல்லாம் ஆங்கிலத்தில் விடைபெற்றால் "ஐ ஆம் கோயிங்" என்றே சொல்கிறேன். வாசற்படி தாண்டியதும், யார் காதிலும் விழாமல், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொள்கிறேன்.