வருது மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூலுக்கு அவர் ஆசையாக வைத்த பெயர் காரின் பின் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது, வெயிலில் பாதி உரிந்து. அதை யாரும் படிப்பதில்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் வேறு. "டீம் வருது, டீம் வருது" என்று அவர் சொல்லிச் சொல்லி, டீமைக் கழற்றிவிட்டு மிச்சத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வருது மாஸ்டர்.

டீம் என்றால் வாலிபால் டீம். பெரிய நகரங்களுக்கு ஊருக்கோர் அணி என்று வைத்து லீக் ஒன்று நடக்கிறது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம், சீசன் முழுக்க டிவியில் ஆட்டம். சில வருஷங்களுக்கு ஒருமுறை லீக்காரர்கள் புதிதாக ஓர் ஊரைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் இந்த ஊரின் பெயரும் அடிபடும். பிறகு வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வரும். ஊர்க்காரர்கள் அதற்குள் வேறு வேலையில் மூழ்கியிருப்பார்கள். மாஸ்டர் மட்டும் அசரமாட்டார். அடுத்த முறைக்கான காரணங்களை அன்றைக்கே அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் காரணங்களைக் கேட்க அவருக்கு ஆட்கள் தினமும் கிடைத்தார்கள். சீட் பெல்ட் போட்டுக் கட்டிப்போட்ட ஆட்கள். ஊரின் வடக்கு ஓரத்தில் உள்விளையாட்டு அரங்கம் ஒன்று இருக்கிறது. எப்போதோ ஏதோ ஒரு போட்டிக்காகக் கட்டிவிட்டு மறந்துபோனது. அதைச் சுற்றி வண்டி நிறுத்த விட்ட மைதானம் கடல் மாதிரி கிடக்கும். மாஸ்டரின் வகுப்பறை அதுதான். கிளட்ச்சை விடச் சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான். நடுவில் வாய் சும்மா இருக்காது. அரங்கத்துக்குக் கூரை இருக்கிறது, மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது. ரயில் நாலு திசையிலிருந்தும் வருகிறது. இத்தனை காலேஜ் ஹாஸ்டல் வேறு எந்த ஊரில் இருக்கிறது? சாயங்காலமானால் ஜனங்களுக்குப் போக்கிடம் இல்லை. மாலுக்குப் போய் எஸ்கலேட்டரில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், வீட்டுக்கு வருகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஓர் அணியைக் கொடுத்துப் பாருங்கள்.

வங்கி மேலாளர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்க வந்தவர், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஒருநாள் சொன்னார்: "மாஸ்டர், முதல்ல செகண்ட் கியர் வரட்டும். அப்புறம் டீம் வரட்டும்."

அணி வந்தால் மைதானம் நிரம்பிவிடும், அவருக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுக்க இடம் இருக்காது. இதை அவரிடம் எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். அவருக்கும் தெரியாததல்ல. வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்பார். வேறு இடம் எது என்று கேட்டால் சைடு மிரரைச் சரிசெய்வார்.

மாஸ்டருடைய வேலை பெரும்பாலும் வலது காலில் இருந்தது. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். இருபது வருஷப் பழக்கம் அந்தக் காலைக் காரோடு விடவில்லை. பஸ்ஸில் போகும்போது டிரைவர் வேகமெடுத்தால் இவர் கால் தரையை அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் இருக்கும் கால்மிதி நகர்ந்துவிடும். மனைவி இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் வேலையில் இருப்பவர். பேச்சும் அதே ரகம், வலிக்கும் முன்னே முடிந்துவிடும். "படத்துல ஓட்டறவன் செத்தாலும் இவர் வண்டியை நிறுத்திடுவாரு" என்பார். டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினால் மனைவி பின்னால்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் கால் வைக்கிற இடத்தில் ரெண்டு பெடல் முறைத்துக்கொண்டிருக்கிறது, தெரியாமல் எதையாவது மிதித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்பது அவர் கட்சி.

இவர்களுக்கு ஒரே பெண். வாலிபால் ஆடுகிறவள். ஓங்கி அடித்துப் பேர் வாங்குகிற ரகம் இல்லை. அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். அவள் விரல் பட்ட பந்து ஒரு கணம் சுற்றாமல் காற்றில் நிற்கும், யாரோ அலமாரியில் எடுத்து வைத்த மாதிரி. அடிப்பவள் எகிறி அடித்ததும் கைதட்டல் அவளுக்குப் போகும். இவள் அதற்குள் அடுத்த பந்துக்கு நகர்ந்திருப்பாள்.

போன வருஷம் தொலைவில் உள்ள ஒரு நகரத்தின் பெண்கள் அணி அவளைக் கூப்பிட்டது. ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரம். வீடே சந்தோஷப்பட்டது, மாஸ்டர் வாயைத் திறக்கும் வரை. ஒரு வருஷம் பொறு என்றார். லீக்காரர்கள் இந்த முறை நம் ஊரைத்தான் பார்க்கிறார்கள், உள்ளூர் டீம் வந்துவிட்டால் வீட்டுச் சாப்பாடு, வீட்டுத் தூக்கம், எதற்கு யாரோ ஊரில் போய்க் கிடக்கவேண்டும்? பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து துணி மடிக்கத் தொடங்கினார். அவள் அந்த அணிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அரங்கத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்தாள். மாஸ்டர் அதைக் கவனித்தார். கண்ணாடியில் பின்னால் வருவதைக் கவனிப்பதுதானே அவர் தொழில்.

இந்த வருஷம் அதே அணி மறுபடி கூப்பிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், மூன்றாவது முறை கேட்கமாட்டோம் என்று அந்த அணியின் பயிற்சியாளர் அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதே மாதத்தில்தான் லீக்கின் தேர்வுக் குழு இந்த ஊரைப் பார்க்க வருவதாக இருந்தது. இரண்டு ஊர்கள் இறுதிச் சுற்றில் நின்றன, அதில் இந்த ஊர் ஒன்று. குழு முன்னிலையில் ஒரு கண்காட்சி ஆட்டம். கூட்டம் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். உள்ளூர் பெண்கள் அணிக்குப் பந்து தூக்குபவள் மாஸ்டரின் மகள்.

"பார்த்துட்டுச் சொல்லுவோம் பாப்பா" என்றார் மாஸ்டர்.

"யாரு பார்த்துட்டு?" என்று கேட்டாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை ஊர் வித்தியாசமாக இருந்தது. மாஸ்டர் வகுப்புகளை ரத்து செய்திருந்தார். பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டு வரச்சொல்லியிருந்தார்; அவர் மூலம் லைசென்ஸ் வாங்கியவர்கள் ஊரில் பாதி. ஆச்சரியம், அவர்கள் வந்தார்கள். வங்கி மேலாளர் சொந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு வந்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் லாரி பிடித்து வந்தார்கள். யாரோ முரசு கொண்டுவந்திருந்தார்கள். யாரோ குழந்தையின் முகத்தில் நீலச் சாயம் அடித்திருந்தார்கள், அது அழுது அழுது பாதி கழுத்துக்கு இறங்கியிருந்தது. வடக்குச் சாலை முழுக்க ஜனம்.

ஆனால் எல்லோரும் சாலையில்தான் நின்றார்கள். நகராட்சி ஒரு காரியம் செய்திருந்தது. குழுவின் பஸ் எங்கேயும் நெரிசலில் மாட்டக்கூடாது, ஊரைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடக்கூடாது என்று, அரங்கத்துக்குப் போகும் மூன்று சாலைகளையும் மதியத்திலிருந்தே மறித்துவிட்டார்கள். குழு அரங்கத்துக்குள் போனபிறகு திறந்துவிடுவோம் என்றார்கள். குழு போனது. திறக்கச் சொல்லும் உத்தரவு வரவில்லை. உத்தரவு தரவேண்டியவர் குழுவோடு உள்ளே உட்கார்ந்திருந்தார், மரியாதைக்காக போனை அணைத்துவிட்டு.

மாஸ்டரும் மனைவியும் இரும்புத் தடுப்பை ஒட்டி நின்றார்கள். தடுப்பின் மறுபுறம் நின்ற போலீஸ்காரர் மாஸ்டரிடம் வண்டி கற்றவர். அவரால் மாஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"லைசென்ஸ் டெஸ்ட்ல நான் பைக்ல எட்டுப் போடறப்ப கால் ஊனிட்டேன். நீங்க கூட இருந்து தேத்திவிட்டீங்க" என்றார் மெதுவாக. "இப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியல மாஸ்டர்."

மாஸ்டர் பரவாயில்லை என்று தலையாட்டினார். தூரத்தில் அரங்கத்தின் வெள்ளைக் கூரை தெரிந்தது. காற்று திரும்பும்போது நடுவரின் விசில் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. விசிலுக்கு இவர்கள் இங்கே முரசு அடித்தார்கள். பாயிண்ட் யாருக்கு என்று தெரியாமலே அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே ஒரு கொண்டாட்டமாகி, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஊர் தன்பாட்டுக்கு ஜெயித்துக்கொண்டிருந்தது. மாஸ்டரின் வலது கால் மட்டும் தார் ரோட்டை அழுத்திக்கொண்டே இருந்தது. மனைவி அதைப் பார்த்தார்.

உள்ளே நடந்ததை மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள். முன்வரிசையில் அதிகாரிகள். காலையிலேயே பஸ்ஸில் கூட்டிவந்து உட்காரவைத்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பகுதியில், எப்போது கைதட்டவேண்டும் என்று டீச்சரைப் பார்த்தபடி. மற்றதெல்லாம் காலி நாற்காலி. பந்து தரையில் படும் சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வந்ததாம். ஜனங்கள் எங்கே என்று குழுவில் ஒரு பெண்மணி கேட்டாராம். எங்கள் ஊர் மக்கள் கட்டுப்பாடானவர்கள் என்று ஓர் அதிகாரி பெருமையாகச் சொன்னாராம்.

"ஜெயிச்சோம்" என்றாள் கடைசியாக, ஷூவைக் கழற்றியபடி.

சில நாள் கழித்து டிவியில் சொன்னார்கள். அணி மற்ற ஊருக்கு. இந்த ஊரில் வசதிகள் இருக்கின்றன, மக்களிடம் ஆர்வம் போதவில்லை. மாஸ்டர் தட்டில் கையை வைத்தபடியே கேட்டார். ஆர்வம் போதவில்லை என்ற சொல் அவருக்குள் இறங்க நேரம் பிடித்தது. அந்த ஆர்வத்தை அவர் தோளோடு தோள் உரசி நின்று பார்த்திருக்கிறார். அதன் நீலச் சாயம் அவர் சட்டையில் இன்னும் போகவில்லை.

"வந்திருந்தாங்க" என்றார் டிவியிடம். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பினார். "அடுத்த தடவை ரோட்டை மட்டும் அடைக்காம இருந்தா—"

"அப்பா, நான் போறேன்பா."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. அம்மா குழம்புப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

மாஸ்டர் சாப்பிடத் தொடங்கினார். இரண்டு வாய், மூன்று வாய். அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட ஒரு வருஷம், இன்னொரு வருஷம் என்று அவர் எண்ணுவதாக அவர்கள் நினைத்திருக்கலாம். அவர் நினைத்ததோ வேறு.

"அங்க யாரு உனக்கு அடிக்கறவ?" என்று கேட்டார். "உயரமா?"

"என்னைவிட ஒரு தலை அதிகம்பா."

"அப்ப நீ இங்க தூக்கற உயரம் பத்தாது. இன்னும் கொஞ்சம் மேல குடுக்கணும்."

"ஆமா" என்றாள்.

"மூணாவது தடவை கேக்கமாட்டேன்னு சொன்னாங்கல்ல. போனை எடு. இப்பவே சொல்லிடு."

ரயிலுக்குப் போகும் நாளில் காரை அவளே ஓட்டுவதாகச் சொன்னாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதே கார்தான். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தார், கொஞ்சம் நின்றார், மனைவியைப் பார்த்து, "நீ முன்னால உக்காரு" என்றார். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, கால் இரண்டையும் மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். இவருக்கு என்ன ஆயிற்று என்று மனைவி முணுமுணுத்தார். ஆனால் உட்கார்ந்தார்.

மகள் நன்றாகத்தான் ஓட்டினாள். கடைத்தெரு தாண்டி, சிக்னல் தாண்டி, வடக்குச் சாலைக்குத் திரும்பினாள். அரங்கமும் அதன் காலி மைதானமும் வந்தன. அங்கே வேறொரு டிரைவிங் ஸ்கூல் கார் திக்கித் திக்கி வட்டமடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் அரங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சாலை காலியாக இருந்தது. ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரே ஒரு திருப்பம்.

கார் சட்டென்று குலுங்கி நின்றது. பெட்டிகள் மாஸ்டர் மேல் சாய்ந்தன. எஞ்சின் அணைந்துபோனது. மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் கால்களைப் பார்த்தாள். அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. பிறகு பக்கத்தில் பார்த்தாள்.

அம்மாவின் செருப்பு பிரேக் மேல் இருந்தது. அழுத்தமாக.

"கால் பட்டுடுச்சு" என்றார் அம்மா, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. காலை எடுக்கவில்லை.

பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. கற்றுக்கொள்கிறவர்கள் தவறு செய்ததும் மாஸ்டர் சொல்கிற வார்த்தைகள் ஊருக்கே மனப்பாடம். அவற்றைத்தான் அவர் இப்போதும் சொன்னார், அதே நிதானமான குரலில், இரண்டு பேருக்கும் பொதுவாக.

"பதறவேண்டாம். பிரேக்கை மெதுவா விடு. கிளட்ச்சை மிதி, நியூட்ரல் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு. பின்னால வர்றவன் காத்திருப்பான். ம்... இப்ப எடு."

கார் நகர்ந்தது.