சுகந்தியின் கைமேல் அம்மாவின் கை

பள்ளிக்கூடத்துக்குள் அம்மாவை நான் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பில் அவள் என் பக்கம் திரும்பமாட்டாள், நான் கை தூக்கினாலும் கேட்கமாட்டாள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதாம். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்ட விரல்கள், மணி அடித்ததும் ஏழாம் வகுப்பின் பொதுச்சொத்தாகிவிடும். நாற்பது பேருக்கும் சமமாகப் பங்கு போவதில் ஒரு நியாயம் இருந்தது, பொறுத்துக்கொண்டேன். ஒருத்திக்கு மட்டும் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த ஒருத்தி சுகந்தி. அவளுடைய அப்பா காந்திபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், அந்தப் பெயரையே அப்போதுதான் நாங்கள் கேள்விப்படத் தொடங்கியிருந்தோம். எங்கள் பள்ளிக்கும் இன்டர்நெட்டோடு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கென்று ஏசி போட்ட அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மானிட்டரின் நெற்றியில் உதிராமல் இருந்தது.

வந்த மெஷினைச் சும்மா வைத்திருக்கத் தாளாளருக்கு மனமில்லை. இன்டர்நெட்டில் பாடம் நடத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி அறிவியல் வகுப்பு என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் டிப்ளமோவோடு ஒரு புது சார் வேறு வந்து சேர்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை தாளாளரே வந்து உட்காருவார். அம்மா சரியாக நடத்தினால் வகுப்பு அவளிடமே இருக்கும், இல்லாவிட்டால் புது சாருக்குப் போய்விடும். பதினோரு வருடமாக நடத்திய வகுப்பு. அப்பாவிடம் அவள் இதைச் சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்டும் என் மனதில் நின்றது வேறு.

அந்த வாரம் முழுக்க, பள்ளி விட்ட பிறகும் அம்மா சுகந்தியை அந்த அறையில் இருத்திக்கொண்டாள். நான் வெளியே, இரண்டு ஜோடிச் செருப்புக்குக் காவல். கண்ணாடிக் கதவு வழியே இரண்டு முதுகுகள் தெரியும். மவுஸின் மேல் சுகந்தியின் கை, அதன்மேல் அம்மாவின் கை. என் கையை அப்படிப் பிடித்து எப்போதாவது அவள் எழுதப் பழக்கினாளா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. நினைவில்லாததால், இல்லை என்றே முடிவுகட்டினேன். பொறாமைக்கு ஒரு சூடு உண்டு. அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாலும் அது ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தாளாளர் வேட்டி மடிப்புக் கலையாமல் முன்வரிசையில் அமர்ந்தார். திரையில் ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. எங்கே முதலில் வெட்டுவது என்று அந்த இன்டர்நெட் பக்கம் ஆங்கிலத்தில் கேட்கும். சரியான இடத்தில் அழுத்தினால் தோல் திறக்கும், தப்பென்றால் மறுபடி முயலச் சொல்லும். இடத்தைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். கழுத்துலீங்க, வயித்துலீங்க என்று நாற்பது குரல்கள். நானும் கை தூக்கினேன். அம்மா பார்க்கவில்லை. அவள் கை சுகந்தியின் கைமேல் இருந்தது, தாளாளர் முன்னாலும்.

பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்தேன். போனது ஆபீஸ் ரூமுக்கு. அட்டெண்டர் தாளாளருக்கு டீ வாங்கப் போயிருந்தார். இன்டர்நெட்டும் அதே லைனில்தான், போனை யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் அறுந்துவிடும் என்று காலைப் பிரேயரிலேயே நாலு தடவை சொல்லியிருந்தார்கள். எடுத்தேன். இரும்பை இரும்பால் சீவுகிற சத்தம் காதுக்குள் பாய்ந்தது. பத்து எண்ணும்வரை வைத்திருந்தேன். எல்லார் முன்னாலும் சுகந்தி முழிக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது திரையில் தவளை இல்லை. முழித்துக்கொண்டிருந்தது அம்மா. அந்த ஏசியிலும் மேலுதட்டில் வேர்வை. கதவோரம் நின்ற புது சார் ஓரடி முன்னால் வைத்தார்.

"ஏனுங் டீச்சர், நின்னுபோச்சுங்களா?" என்றார் தாளாளர்.

சுகந்தியின் உதடு மட்டும் லேசாக அசைந்தது. இரண்டு கைகளும் ஒன்றாக நகர்ந்தன. தவளை திரும்பி வந்தது, தோல் திறந்தது, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு இதயம் தெரிந்தது. தாளாளர் சுத்த சைவம். ஒரு சொட்டு ரத்தமில்லாம அறுத்துப்போட்டீங்களே என்று சிரித்தார். வகுப்பு அம்மாவுக்கே என்று ஆனது.

அவிநாசி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம். அம்மா சுகந்தி புராணத்தை நிறுத்தவேயில்லை. லைன் போனதும், நேற்றுப் பார்த்த பக்கமெல்லாம் மெஷினுக்குள்ளேயே இருக்குமென்று காதோடு சொன்னாளாம். போன் பில் ஏறாமல் இருக்க அவள் அப்பா கடையில் லைன் இல்லாமல் அப்படித்தான் திறப்பார்களாம். என்னால் அதற்குமேல் கேட்க முடியவில்லை.

"அவ கையைப் புடிச்சாத்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்க வருமா?"

அம்மா முன்சீட்டையும் பின்சீட்டையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"நான் எங்க கண்ணு சொல்லிக் குடுத்தேன்? எனக்கு அந்த மவுஸ் ஓட்டவே வரமாட்டேங்குது. அவதான் நகத்தறா, நான் சும்மா மேல கைய வெச்சுக்கறேன். பாக்கறவங்களுக்கு நான் ஓட்டறாப்பல இருக்குமில்ல. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத. உங்கப்பனுக்கே தெரியாது."

நான் நம்பவில்லை. டீச்சருக்குத் தெரியாதது ஏழாம் வகுப்புக்காரிக்குத் தெரியுமா? என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய், அதுவும் நன்றாகச் சொல்ல வராத பொய் என்று எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆபீஸ் ரூமில் செய்த காரியத்தையும் சொல்லவில்லை.

எனக்கென்று மட்டும் அம்மாவிடமிருந்து ஏதாவது ஒன்று வர வேண்டும் என்று ஒரு வாரமாக வெந்துகொண்டிருந்தவள் நான். அப்பாவுக்குக்கூடத் தராத ஒன்றை அவள் அந்தப் பஸ்ஸில் என் காதில் போட்டாள். வந்தது அதுதான் என்று தெரியாமல், தெக்கலூர் தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.