முன்னோர் மாடத்துக்கு ஒரு படம்

லுவா கேமராவைச் சட்டென்று எடுத்துவிடமாட்டாள். முதலில் வலக்கையை இறுக மூடி முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுவாள். விரல் முட்டிகளின் நிழல் எந்தத் திசையில் மென்மையாகிறதோ அங்கே நின்றுவிடுவாள். முட்டியில் நிழல் எப்படியோ கண்குழியிலும் அப்படித்தான்.

"யாரோட சண்டைக்கு நிக்கிறீங்கக்கா?" என்பார் வாத்தியார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"சூரியனோடதான். அவன்தான் தினமும் எடம் மாத்துறான்."

ஹுவே நகரில் இருபது வருடம் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்தவள், நாற்பத்தெட்டு வயதில் கலாச்சார இல்லத்தின் ஞாயிறு புகைப்பட வகுப்பில் சேர்ந்தாள். அவள் நோட்டு அவள் பேச்சிலேயே இருக்கும்: 'மீன் சந்தை - வெளிச்சத்தப் பாத்து நில்லு, செதில் மின்னும். குழந்தை - முட்டி போடு, கெஞ்சாத. வெள்ளைப் பட்டு - கேமரா அழுக்காக் காட்டிடும், வெளிச்சத்த ஒரு படி ஏத்து.' சாகப்போகிறவர் முகத்துக்கு அதில் குறிப்பு இல்லை.

அந்த மழைக்காலத்தில் அடுத்த தெருத் தச்சர் கியெம் நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தார். செத்த பிறகு முன்னோர் மாடத்தில் வைத்துக் கும்பிட அவருடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. உயிரோடு இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். உயிர் போன பின் எடுத்த முகத்துக்கு அங்கே யாரும் ஊதுபத்தி ஏற்றமாட்டார்கள். லுவா அந்த வாரம் கற்றதைச் செய்து பார்த்தாள். சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, ஒரு கன்னத்தில் மட்டும் ஒளி விழ எடுத்தாள். வாத்தியார் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

மருமகள் துயெத் தட்டவில்லை.

"என்னக்கா இது, மாமாவுக்குப் பாதி மூஞ்சியக் காணோம்? இருட்டுல கெடக்குற கண்ண வச்சு நினைவு நாளுக்கு வீட்டுக்கு எப்படி வழி கண்டுபிடிச்சு வருவாரு? ரெண்டு கண்ணும் தெரியணும், ரெண்டு காதும் தெரியணும். இதுகூடச் சொல்லித் தராம என்ன வகுப்பு அது?"

"விடும்மா," என்றார் கியெம், இருமலுக்கு நடுவே. "மிச்சப் பாதி முன்னாடியே கெளம்பிருச்சு."

மறுநாள் காலையும் மழைதான். லுவா அவரைச் சன்னலுக்கு நேராகத் திருப்பினாள். கண்ணுக்குக் கீழே ஒளி ஏற மடியில் வெள்ளைப் போர்வையை விரித்தாள். அவரால் தானாக உட்கார முடியவில்லை. துயெத் பின்னால் மண்டியிட்டு அவர் தோள்களைத் தாங்கிக்கொள்ள, அவள் படத்தில் தெரியாதபடி லுவா நடுவே சாம்பல் நிறத் துணியொன்றைத் தொங்கவிட்டாள்.

"மாமா முழிச்சிருக்காராக்கா?" துணிக்குள்ளிருந்து குரல்.

"ம். அசையாமப் புடி. பெரியப்பா, இங்க என்னப் பாருங்க. ஒண்ணு... ரெண்டு..."

ஒரு தரம் அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். பிறகு வெகுநேரம் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, கை கடுக்குது."

"போதும். நல்லா வந்திருக்கு. படுக்க வை."

படுக்கவைத்தபோது உயிர் இல்லை. லுவா அருகே போய், ஒரு பக்கம் மடங்கியிருந்த அவர் சட்டைக் காலரை நீவிவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் துயெத் ஒன்றையே சொன்னாள்: "போட்டோ எடுக்குற வரைக்கும் மாமா காத்துக்கிட்டு இருந்தாரு."

முதலாண்டு நினைவு நாள் சாப்பாடு முடிந்து திரும்பும் வழியில், கூட வந்த வாத்தியாரிடம் மட்டும் லுவா உண்மையைச் சொன்னாள். முதல் படத்தில் கியெமுக்கு மூச்சு இருந்தது, இமைகள் மூடியிருந்தன. மாடத்தில் இருப்பது, கண் திறந்திருக்கும் இரண்டாவது படம்.